ஒரு சுண்டு அரிசி

நெடுந்தீவு
24.03.2020

அன்புள்ள மச்சாளுக்கு இராசேஸ்வரி எழுதுவது.

நயினை அம்மாள் உங்களுக்குத் துணை நிற்கட்டும். உங்கள் முழங்கால் நோவு எப்படி? நான் எழும்பி நடமாடித் திரிகிறேன். எனக்கு இப்போது அதுவே சுகம்.

உங்கள் தம்பியை ஆசுப்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இதைப் பக்கத்து வீட்டு துஷாந்தினிக்குப் போனில் சொன்னனான். அவள் சிலேட்டில் எழுதிக் காட்டியிருப்பாள். காது கேளாத உங்களுக்கு அந்தச் சிலேட்டில் எவ்வளவைத்தான் எழுதுவாள், பாவம். மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என்னுடையது ஐந்தாம் வகுப்பு எழுத்து. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வயிற்றில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று பெரிய டொக்டர் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். சித்திரை பிறக்கும் மட்டும் இருப்பார், அதற்குப் பிறகு சொல்ல ஏலாது என்றார். வியாழக்கிழமைப் படகில் வந்து இறங்கினோம். அடுத்த நாள் பின்னேரம் ஊரடங்கு போட்டார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் அங்கேயே கிடந்திருப்போம்.

இங்கே ஒருவரும் படலைக்கு வெளியே வருவதில்லை. சங்கக் கடையில் அரிசி முடிந்து ஐந்து நாள். நெடுந்தீவுக்கு எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். படகு வந்தால் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் கீறி, வட்டத்துக்குள் நிற்கச் சொல்கிறார்கள். இவரை விட்டுவிட்டு நான் போக ஏலாது. என் அண்ணன் மகன் சுஜிதன்தான் தன் மூன்று பிள்ளைகளின் பாட்டையும் பார்த்துக்கொண்டு எங்களுக்கும் சேர்த்து வட்டத்துக்குள் நிற்கிறான்.

இவர் சாப்பிடுகிறாரில்லை. கோதுமை மாவில் கஞ்சி வைத்தேன். ‘நோட்டீசு ஒட்டுற பசை மாதிரி இருக்கு’ என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். வேறு பேச்சும் இல்லை. நாளுக்கு நாலு தரம் ‘அக்கா வாறாவோ?’ என்று மட்டும் கேட்கிறார். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இவருக்கு இரத்த உரித்து என்று நீங்கள் ஒருவர்தான். எப்படியாவது ஒரு பாஸ் எடுத்து வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கோ மச்சாள்.

குளிர்ந்த நிலத்தில் கால் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு
இராசேஸ்வரி


மண்கும்பான்
30.03.2020

இராசேஸ்வரிக்கு,

உமக்கும் தம்பி கதிர்காமுவுக்கும் பிள்ளையார் காவல். என் காலை விடும், அது எழுபத்தொரு வருசம் நடந்த கால்.

பாஸ் கேட்டு விதானையாரிடம் மூன்று தரம் போனேன். கடைசித் தரம் துஷாந்தினியையும் கூட்டிக்கொண்டு போனேன். விதானையார் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக் காட்டினாள்: ‘ஆச்சி, இந்த வயசில றோட்டில திரிஞ்சதுக்கே உங்களைப் பிடிச்சு அடைக்க வேணுமாம்.’ படகில் சாமான் மட்டும்தான் ஏற்றுவார்களாம், ஆட்களை ஏற்ற மாட்டார்களாம். பாஸ் தந்தாலும் கடலை நடந்தோ தாண்டுவது? நான் வர ஏலாது, இராசேஸ்வரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

இனி எழுதப் போவதை மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். இத்துடன் பேணியால் அளந்த ஒரு சுண்டு பச்சையரிசி வருகிறது. எங்கள் ஐயாவின் வேலணை வயலில் மாசியில் வெட்டிய மொட்டைக்கறுப்பன் நெல். நாங்கள் உலையில் போடுவது புழுங்கல். இது அதற்கில்லை என்று உமக்குப் பார்த்தவுடனே தெரியும். தம்பிக்கு ஏதும் நடந்தால், கூடப் பிறந்தவள் நான் போட வேண்டிய வாய்க்கரிசி இது. எடுக்க முன்னம் என் பேரைச் சொல்லி நீர் போட்டுவிடும். எங்கள் அம்மாவுக்குச் செய்தது போலவே, ஐயாவின் பழைய வெள்ளை வேட்டியில் கிழித்து ஒற்றை முடிச்சாய் முடிந்திருக்கிறேன். ஒரு பிடி காணும். ஆனால் தம்பிக்கு ஒரு பிடி மட்டும் அள்ளிக் கட்ட மனம் வரவில்லை.

அதுவரைக்கும் அலுமாரிக்குள் வையும். தம்பிக்குக் காட்ட வேண்டாம். அம்மாவின் அரிசியை முடிந்தவன் அவன்தான். கண்டால் அறிந்துவிடுவான்.

உயிரோடு இருக்கிறவனுக்கு இதை அனுப்புகிறேனே என்று முடிந்ததை ஒருதரம் அவிழ்த்தேன், பிறகும் முடிந்தேன். பிறகு அனுப்பப் படகு இருக்குமோ தெரியாது. அதுதான்.

லொறியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சாமான் கொண்டுபோகும் தம்பிஐயாவிடம் பொதியைக் கொடுக்கிறேன். சாமான் படகில் நிற்கும் வின்சன்ற் அதை உம்மிடம் சேர்ப்பான். இறங்குதுறையில் பொதிகளை அவிழ்த்துப் பார்க்கிறார்களாம். இந்தக் கடிதம் பிறத்தியார் கண்ணில் படக் கூடாது. அதனால் பொதிக்குள் வைக்காமல், சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோகச் சொல்லி தம்பிஐயாவிடம் தனியாகக் கொடுக்கிறேன்.

தம்பியின் தலையை ஒருதரம் எனக்காகத் தடவிவிடும்.

செல்லாச்சி


நெடுந்தீவு
05.04.2020

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கு ஆயிரம் புண்ணியம். நீங்கள் சுகமாய் இருக்க வேண்டும் என்று இன்றைக்கு விளக்கு வைத்துக் கும்பிட்டனான். எண்ணெய் இல்லாமல் ஒரு கிழமையாய் விளக்கு வைக்கவில்லை.

நீங்கள் அனுப்பின அரிசி புதன்கிழமை வந்தது. கடிதம் ஒன்றையும் காணவில்லை. வின்சன்றைக் கேட்டேன். பொதி மட்டும்தான் தந்தவர் என்றான். சந்தையில் யாருக்கோ கொரோனா வருத்தம் என்று தம்பிஐயா அண்ணையைத் தனிமைப்படுத்தி வீட்டோடு இருத்திவிட்டார்களாம், லொறியையும் பூட்டிவிட்டார்களாம். உங்களுக்கு எழுதக் கை ஏலாமல் போனதோ என்று யோசித்தேன். கடிதம் இல்லாவிட்டால் என்ன, வருத்தக்காரன் வீட்டுக்கு ஒரு சுண்டு புது அரிசி வந்தால் அது எதற்கென்று எனக்குத் தெரியாதோ. பச்சையரிசியாய் இருந்தது. அவிக்க உங்களுக்கு விறகில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிச்சை அவிழ்க்க முன்னம் இவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா அனுப்பியிருக்கிறா என்றேன். துணியைக் கையில் வாங்கி, முடிச்சைத் தடவித் தடவிக் கனநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார் மச்சாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் கண்ட சிரிப்பு.

‘அக்கா எதிலயும் முந்தித்தான். ஆனால் ஒரு சுண்டுக்கு மேல அள்ள அவவுக்குக் கை வராது. காய்ச்சு, இராசேசு. ஒரு பிடியை மட்டும் அப்பிடியே முடிஞ்சு வை’ என்றார்.

ஏன் ஒரு பிடி என்று கேட்டேன். முதலில் அடுப்பை மூட்டு என்றார்.

தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினேன். குசினியில் மணம் எழும்பினவுடனே தலையணையில் சாய்ந்து இருந்துகொண்டார். அரைக் கோப்பை குடித்தார். அடுத்த நாள் முக்கால் கோப்பை. நாலு நாள் குடித்தார் மச்சாள். நேற்றுக் கோப்பையை விரலால் வழித்தார். அந்த ஒரு பிடியைத் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ‘அக்காவுக்கு எழுது. இன்னும் ஒரு சுண்டு அனுப்பச் சொல்லு’ என்கிறார். வெட்கமில்லாமல் கேட்கிறேன். அடுத்த படகுக்கு அனுப்பிவிடுங்கோ. இந்த அரிசி மட்டும் இருந்தால் டொக்டர் சொன்ன கணக்கைத் தாண்டிவிடுவார் போல எனக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

இராசேஸ்வரி


மண்கும்பான்
14.04.2020

இராசேஸ்வரிக்கு,

வருசம் பிறந்ததாம். கோயில் பூட்டு. பொங்கவில்லை. நான் இருக்கிறேன்.

உம்முடைய கடிதம் வந்து ஐந்து நாள்.

அரிசி இல்லை. உழுத்தம்மாவும் பனங்கட்டியும் சங்க லொறிக்காரனிடம் கொடுத்துவிடுகிறேன். களி கிண்டிக் கொடும். அது தொண்டையில் இறங்கும்.

தம்பி அந்த முடிச்சைப் பார்த்து வேறேதும் சொன்னவனோ?

தம்பிஐயாவிடம் நான் கொடுத்த கடிதம் எப்போதாவது கைக்கு வந்தால் வாசிக்க வேண்டாம். அடுப்பில் போடும். அதில் ஒன்றுமில்லை. வயது போன மனிசியின் பிதற்றல்.

முருகன் காப்பாற்றட்டும்.

செல்லாச்சி


நெடுந்தீவு
24.04.2020

மச்சாளுக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு இப்போது வாய் வரவில்லை. நேற்று இவருடைய எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்தது.

வியாழக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் போனார். துஷாந்தினிக்கு உடனே சொன்னேன். அவள் சிலேட்டில் எப்படி எழுதினாளோ என்றுதான் அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டு இருந்தேன். செத்துப்போனார் என்று எழுதினாளோ, மோசம் போனார் என்று எழுதினாளோ. உங்கள் கடிதமும் உழுத்தம்மாவும் சனிக்கிழமை வந்தன. மா அப்படியே கட்டினபடி இருக்கிறது.

பத்துப் பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படலையில் நின்று எண்ணித்தான் விட்டார்கள். பறை இல்லை. பந்தம் பிடிக்கப் பிள்ளைகளை விடவில்லை. மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அழுதேன். அழ அழத் துணி நனைந்து மூச்சு முட்டுது. ஒரு பொம்பிளையும் கட்டிப்பிடித்து அழக் கிட்ட வர ஏலாது. எட்ட நின்று தலையைத் தலையை ஆட்டினார்கள். இருபத்தொன்பது வருசம் என்னோடு இருந்த மனிசனை நான் தனியாகத்தான் அழுது அனுப்பினேன்.

சுஜிதன் கொள்ளி வைத்தான். வாய்க்கரிசிக்கு நிவாரண அரிசிதான் இருந்தது, வெள்ளைச் சம்பா, பாதி குறுணல். என் பங்கைப் போட்டுவிட்டு, ‘இது செல்லாச்சி அக்கா போடுறது’ என்று சொல்லி உங்கள் பங்கையும் நான்தான் போட்டேன். குறை நினைக்க வேண்டாம். அலுமாரிக்குள் உங்கள் அரிசி ஒரு பிடி இருந்தது. அவர் அவ்வளவு ஆசைப்பட்டுக் குடித்த அரிசியை நெருப்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும் மச்சாள், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கடைசிப் பத்து நாளும் படகு வந்ததோ, அக்கா அரிசி அனுப்பினவவோ என்று கேட்டார். அந்த ஒரு பிடியைக் காய்ச்சவோ என்றால், ‘அதைத் தொடாதை’ என்றார். நிவாரண அரிசியில் கஞ்சி வைத்து, இது அக்காவின் அரிசி என்று பொய் சொன்னேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

உங்களிடம் அரிசி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இல்லாவிட்டால் என்ன செய்வது.

இராசேஸ்வரி


மண்கும்பான்
30.04.2020

இராசேஸ்வரிக்கு,

துஷாந்தினி ஒன்றும் எழுதவில்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் காலடியில் இருந்து அழுதாள். விளங்கிக்கொண்டேன்.

அவனுக்கு எட்டு வயதாய் இருக்கும்போது ஒரு நாள் நான் சோறு போடப் பிந்தியதற்கு, கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றவன். ஒரு கிழமையாய் அந்த நினைவுதான்.

நீர் ஏதும் சாப்பிடும். களி கிண்டும். மா பழுதாகப் போகுது.

தம்பிஐயாவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்வி. அந்தக் கடிதம் வந்ததோ? வந்தால் நான் சொன்னதைச் செய்தீரோ?

செல்லாச்சி


மண்கும்பான்
12.05.2020

இராசேஸ்வரிக்கு,

மூன்று படகு வந்து திரும்பிவிட்டது. உம்மிடம் இருந்து ஒரு வரியும் இல்லை. வருத்தமோ என்று வின்சன்றிடம் விசாரிக்கச் சொன்னேன். கிணற்றடியில் கண்டவனாம், நடமாடுகிறீராம்.

அப்படியென்றால் வாசித்துவிட்டீர்.

ஏசியாவது ஒரு வரி எழுதும்.

செல்லாச்சி


நெடுந்தீவு
19.05.2020

மச்சாளுக்கு,

சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. கீரிமலைக்குப் போக விடவில்லை. சாம்பலை இங்கே மேற்குக் கடலிலேயே கரைத்தோம். ஐயரும் சுஜிதனும் நானும்.

உங்கள் கடிதம் இந்த மாதம் மூன்றாம் திகதி வந்தது. தம்பிஐயா அண்ணையை அடைத்த நாளில் அவரது சட்டைக்குள் கிடந்ததாம். மனிசி தோய்க்க எடுத்தபோது கண்டு எடுத்து வைத்தவவாம். மடிப்பெல்லாம் வேர்வைக் கறை. வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு நினைவு இருந்தது. அடுப்படிக்குக் கொண்டுபோனேன். நெருப்பும் மூட்டினேன். ஆனால் அவர் உயிரோடு இருந்த நாளில் எழுதின கடிதம் அது, மச்சாள். அதற்குள் அவர் இன்னும் இருப்பார் என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

வாசித்த பிறகு அந்தக் கோப்பையைப் பார்க்க ஏலவில்லை. கிணற்றடியில் போட்டு உடைத்தேன்.

பத்து நாள் உங்கள்மேல் கோபத்தோடு இருந்தேன். உயிர் இருக்கிற மனிசனுக்கு வாய்க்கரிசி அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஏலாவிட்டால் சும்மா இருந்திருக்கலாமே. பிறகு கோபம் என்மேல் திரும்பியது. அனுப்பினது நீங்கள். தேங்காய்ப்பால் விட்டு, ஊதி ஆற்றி, கரண்டியால் ஊட்டினது நான். பச்சையரிசி என்று கண்டேன், வெள்ளைத்துணி என்று கண்டேன், ஒற்றை முடிச்சு என்று கண்டேன். எனக்கு ஏன் புத்தி வேலை செய்யவில்லை? வீட்டில் ஒருபிடி அரிசி இல்லாத நாள் மச்சாள். அரிசியைக் கண்டவுடன் எனக்கு உலைதான் நினைவு வந்தது. அதுதான் உண்மை. கூட்டிப் பார்க்கிறேன், அன்றையில் இருந்து பதினைந்தாம் நாள் போனார். அந்தக் கஞ்சி அவரைக் கூட்டிக்கொண்டு போனதோ? யாரிடம் கேட்பேன்? ஐயரிடம் கேட்க வாய் எடுத்தேன். பின்பு மூடிக்கொண்டேன்.

நீங்கள் ஏன் இரண்டாம் முறை அரிசி அனுப்பவில்லை என்றும் இப்போது விளங்குது. உங்களிடம் அரிசி இருந்தது.

ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. அந்தத் துணியைத் தடவிப் பார்த்தவரே, அவருக்குத் தெரிந்ததோ?

இராசேஸ்வரி


மண்கும்பான்
28.05.2020

என் பிள்ளை இராசேஸ்வரிக்கு,

ஓம். தெரிந்தது.

‘அக்கா எதிலயும் முந்தித்தான்’ என்று நீர் எழுதியிருந்ததை வாசித்தவுடனே எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அரிசி முடியும்போது அவனுக்குப் பதினாறு வயது. ஒற்றை முடிச்சு ஏன் என்று கேட்டான். அவிழ்க்கிறவர் கை நடுங்கினாலும் சுகமாய் அவிழ வேண்டும் என்று ஐயா சொன்னவர். அவன் அதை மறக்கிற ஆள் இல்லை.

கூடப் பிறந்தவள் தன் சாவுக்கு அரிசி கட்டி அனுப்பியதைத் தன் கையாலே தொட்டுப் பார்த்தானே என்று உம்முடைய அந்தக் கடிதத்தை அப்போதே எரித்துவிட்டேன். அவன் இன்னும் ஒரு சுண்டு கேட்டது என்னைக் குத்திக் காட்டத்தான் என்று நினைத்தேன். சாக்குக்குள் அரிசி இருந்தது. ஓம், இருந்தது. இரண்டு தரம் சுண்டை எடுத்து அளந்தேன். இரண்டு தரமும் திருப்பிக் கொட்டினேன். இன்னொரு தரம் அனுப்பினால் அவன் போய்விடுவான் என்று பயந்தேன். அனுப்பாமல் விட்டேன், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். பாவம் உமக்கு இல்லை. நீர் பசிக்குக் கஞ்சி வைத்தீர். எல்லாம் என் தலையில்.

இப்போது ஒரு பிச்சை கேட்கிறேன். நான் எரித்த கடிதத்தைத் திருப்பி எழுதி அனுப்பும். ஒரு சொல்லும் விடாமல். அவன் சிரித்தான் என்று எழுதினீர். எப்படிச் சிரித்தான்? கசந்து சிரித்தானோ? அது தெரியாமல் எனக்குச் சாக ஏலாது.

படகு ஆட்களை ஏற்றப் போகுதாம். நீர் சம்மதித்தால் வருவேன். இல்லாவிட்டால் இல்லை.

செல்லாச்சி


நெடுந்தீவு
07.06.2020

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கால் இப்போது எப்படி? ஆறு நாளாய் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பழையதை அப்படியே எழுத எனக்கு வரவில்லை. அதைவிட, அதில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கு. அதை முதலில் எழுதுகிறேன்.

கோப்பையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பால் குடித்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. பிறகு திரும்பவும் சிரித்தார், முடிச்சைத் தடவினபோது சிரித்த அதே சிரிப்பு. கசப்பில்லை மச்சாள். சின்ன வயதில் உங்களிடம் எதையோ களவெடுத்துப் பிடிபடாமல் தப்பினவர் சிரிப்பது மாதிரி. சிரித்துவிட்டுச் சொன்னார்:

‘செத்தாப் பிறகு போட்டால் எனக்கு ருசி தெரியப் போகுதே? நல்ல காலம், முந்தி அனுப்பிப் போட்டா.’

அபசகுனமாய்க் கதைக்காதையுங்கோ என்று நான் ஏசினேன். வருத்தக்காரர் கதைக்கிற கதை என்றுதான் நினைத்தேன். அதை உங்களுக்கு எழுதினால் மனம் நோவீர்கள் என்று விட்டுவிட்டேன். விட்டது பிழை. எழுதியிருந்தால் நீங்கள் அந்த இரண்டாம் சுண்டை அனுப்பியிருப்பீர்கள். அவர் தெரிந்துகொண்டுதான் கேட்டவர். அதுவும் என் பிழை என்று கொஞ்ச நாள் அழுதேன். இப்போது அழ அலுப்பாய் இருக்கு.

அந்த ஒரு பிடி. கடைசிக் கிழமை ஒருநாள் திருப்பியும் கேட்டேன், ஏன் தொட விடுகிறீர்கள் இல்லை என்று. ‘அது அக்கா போட வேண்டியது. அவ வந்தால் அவவின்ர கையில குடு’ என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நிவாரண அரிசியைப் போட்டிருக்க மாட்டேன். அந்தியேட்டியன்றும் கடற்கரைக்குக் கொண்டுபோகவில்லை. உங்கள் கைக்கு என்று அவர் விட்டதை நான் எப்படிப் போடுவேன்? ஐயாவின் வேட்டித் துணியில், ஒற்றை முடிச்சாய், அலுமாரிக்குள் அப்படியே இருக்கு. வண்டு பிடிக்காமல் வேப்பிலை வைத்திருக்கிறேன்.

வாங்கோ. திங்கட்கிழமையில் இருந்து ஆட்களை ஏற்றுகிறார்களாம். முகத்துக்குத் துணி கட்டாவிட்டால் ஏற்ற மாட்டார்கள், மறக்க வேண்டாம். வின்சன்றிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இறங்கும்போது கையைப் பிடிப்பான். சாம்பல் கரைத்த இடத்தை நான் காட்டுகிறேன். அந்த ஒரு பிடியை நீங்கள் உங்கள் கையால் போடுங்கோ.

வந்தவுடனே திரும்பக் கூடாது. எனக்கும் ஒருவரும் இல்லை. உங்களுக்கும் ஒருவரும் இல்லை. கோப்பையும் புதிது இரண்டு வாங்கிவிட்டேன்.

வரும்போது அரிசி கொண்டு வாங்கோ மச்சாள். ஒரு சுண்டு காணாது, கூட அள்ளுங்கோ. புழுங்கலாய்க் கொண்டு வாங்கோ.

வழி பார்த்திருக்கும்
இராசேஸ்வரி